கடைமடை ஆப்பிள்

கமலாத்தாள் தன் ஆயுளில் ஆப்பிளை ஒரே ஒரு முறைதான் கையில் தொட்டாள். அதுவும் ஒரு காளையின் வாயிலிருந்து பிடுங்கியது, பாதிதான் கிடைத்தது. இருந்தும், சீமை ஆப்பிள் பண்டம் செய்வதில் அவளை அடிக்க ஆளில்லை என்று பெருமாட்டியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பேர் வாங்கிவிட்டாள். இதைவிடக் குறைந்த பழக்கத்தில் இதைவிடப் பெரிய பேர் வாங்கியவர்கள் சர்க்கார் உத்தியோகத்தில் நிறையப் பேர் இருப்பதால், இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை.

அவளுக்கு அந்தப் பேரில் ஆசையும் இருந்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது தண்ணீர்.

பிறந்தது ஆனைமலைப் பக்கம், தோப்புக்குள் ஒரு வீட்டில். கல்யாணமாகிப் பெருமாட்டிக்கு வந்து புருஷன் வீட்டுப் பூமியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, இங்க நெழலு எங்கீங்க?" என்பதுதானாம். புருஷன் கருப்புசாமி தன் குடையை விரித்துக் காட்டினாராம். கருப்புசாமியிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். கேள்விக்கும் பதிலுக்கும் சொந்தபந்தம் இருக்க வேண்டும் என்று மட்டும் அவர் எப்போதும் நினைத்ததில்லை.

குடை நிழலில் குடித்தனம் நடத்த முடியாதென்று தெரிந்துகொண்ட கமலாத்தாள், மூத்த பிள்ளையைப் பெற்றுக்கொண்டு தாய்வீட்டிலிருந்து திரும்பும்போது, அண்ணன்மாரிடம் நகை கேட்கவில்லை. வண்டி நிறையத் தென்னம்பிள்ளை கேட்டு வாங்கி வந்தாள். வாய்க்காலின் கடைமடையில் கிடந்த பூமியில் குழி எடுத்து நட்டாள். ஊர்ப் பெண்கள் கழுத்தைப் பார்த்துச் சீரை மதிப்பிடுவார்கள். இவள் சீரை மதிப்பிட அவர்கள் பூமி கிடந்த காட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கடைமடை என்பது வாய்க்காலின் வால். ஆற்றில் பிரிந்த தண்ணீர் ஊர் ஊராக உபசாரம் வாங்கிக்கொண்டு வந்து, களைத்துப்போய், மனமிருந்தால் எட்டிப் பார்க்கிற இடம். அது எட்டிப் பார்க்காமலிருக்க அங்கே ஒரு மடைப்பலகையும், பலகைக்கு ஒரு பூட்டும் போட்டிருந்தார்கள். சாவி வாய்க்கால் ஓவர்சியர் சூசையப்பன் இடுப்பில் தொங்கியது. கடைமடைக்குத் தண்ணீர் விடலாமா கூடாதா என்பது ரொம்ப நாளாக 'பரிசீலனை'யில் இருந்தது. அந்த வருஷம் மார்கழியிலேயே காட்டுக் கிணறு வற்றிவிட்டது. கமலாத்தாளும் பண்ணையாள் குப்பண்ணனும் வீட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து போய் ஒவ்வொரு தென்னம்பிள்ளைக்கும் கொஞ்சமாக ஊற்றினார்கள். இப்படியே போனால் சித்திரை வெயிலில் ஒன்றுகூட மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும்.

சூசையப்பன் சைக்கிளில் வருவார். தொப்பி போட்டிருப்பார். சீமைக்குப் போய் வந்தவர் என்று ஊரில் சொன்னார்கள். ஊருக்கு அதைச் சொன்னது அவர்தான். அவர் கப்பலேறியது கொழும்பு வரைக்கும் என்றும், அங்கேயே வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இறக்கிவிட்டார்கள் என்றும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பேச்சு உண்டு. பொறாமைக்காரர்கள் எங்கும் இருப்பார்கள்.

அந்த மார்கழிக் கடைசியில் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து, கமலாத்தாள் நெய் ஊற்றிக் கொடுத்த இனிப்புப் போளியான ஒப்பிட்டை அவர் தின்றுகொண்டிருந்தார்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு கருப்புசாமி. ஆனா லண்டன்ல ஆப்பிள வச்சு ஒரு பண்டம் பண்ணுவான் பாருங்க. மாவுக்குள்ள ஆப்பிளப் பொதிஞ்சு, மூடி, சுட்டு எடுப்பான். அதத் தின்ன நாக்குல அப்புறம் வேற எதுவும் ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்லி, ஒட்டாத நாக்கில் இன்னொரு ஒப்பிட்டை வைத்தார்.

"அதுக்கென்னுங்க, எங்கூட்டுல அடிக்கடி பண்றதுதானுங்களே" என்றார் கருப்புசாமி.

கதவுக்குப் பின்னால் நெய்க்கரண்டி அப்படியே நின்றது.

"நெசமாவா!"

"பொங்க நோம்பி முடிஞ்ச அடுத்த நாளே வாங்க. சுடச்சுடத் தர்றமுங்க. அப்படியே அந்த மடை..."

"பாக்கலாம், பாக்கலாம். நல்ல பண்டம் வயித்துல போனா நல்ல யோசனை தானா வரும்."

சைக்கிள் மணிச்சத்தம் மறைகிற வரைக்கும் கமலாத்தாள் பொறுத்திருந்தாள்.

"ஏனுங்க, ஆப்பிளுன்னா என்னுங்க?"

"பழம் புள்ள."

"எப்படி இருக்குமுங்க?"

"செவப்பா, உருண்டையா. தக்காளியாட்ட. ஆனாத் தக்காளி இல்ல."

"தின்னிருக்கீங்களா?"

"படத்துல பாத்திருக்கறேன்."

"படத்துல பாத்ததப் பண்ணித் தர்றமுன்னு வாக்குக் குடுத்துப் போட்டீங்க. நாளைக்குப் படத்துல ஆனையப் பாத்தா, அதையும் பெத்துத் தரச் சொல்லுவீங்களோ?"

கருப்புசாமி யோசித்தார். "வெயில் ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாளே கமலாத்தாள் கொழிஞ்சாம்பாறைக்கு வண்டி கட்டினாள். மாதா கோயிலுக்குப் பின்னால் செபமாலையம்மாள் இருந்தாள். இளம் வயதில் நெல்லியாம்பதி மலையில் ஒரு துரை பங்களாவில் பிள்ளை பார்க்கப் போனவள்.

"ஆப்பிள் பண்டமா? அது கண்ண மூடிக்கிட்டுச் செய்யலாமே கண்ணு" என்றாள் செபமாலையம்மாள். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள். ஞாபகம் வருவதற்கு அதுதான் வழி.

கோதுமை மாவில் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். வெண்ணெய் உருகக் கூடாது. பச்சைத் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். ஆனால் பிசையக் கூடாது. இந்த இடத்தில் கமலாத்தாள் குறுக்கே கேட்டாள்: "பிசையோணுமா, பிசையக் கூடாதாக்கா?"

"பிசையறாப்பல பிசையோணும். வெள்ளக்காரிக்கு வேல செஞ்சாப்பலயும் இருக்கோணும், கை நோகவும் கூடாது. அதுதான் முறை."

மாவை இரண்டாகத் தட்டி ஒன்றைத் தட்டில் விரித்து, தோல் சீவி நறுக்கிய பழத்தைச் சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, பட்டைப் பொடி எல்லாம் போட்டுப் பிரட்டி மேலே பரப்பி, மற்றதால் மூடி, ஓரத்தைச் சோமாசி மாதிரி மடித்துவிட வேண்டும். நடுவில் ஆவி போக ஒரு ஓட்டை. பெரிய சட்டியில் மணல் கொட்டிச் சூடேற்றி, தட்டை உள்ளே வைத்து, இரும்பு மூடி போட்டு, மூடி மேல் சிரட்டைத் தணல். புதிதாக அடுப்புக்கு வருகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான பண்டம் உலகத்தில் கிடையாது. ஆப்பிள் மட்டும் வேண்டும்.

"வெந்துதுன்னு எப்படிங்கக்கா தெரியும்?"

"மொதல்ல வாசம் வரும். பொறவு கருகின வாசம் வரும். ரெண்டுக்கும் நடுவால எடுத்துப் போடு."

"நீங்க தின்னு பாத்திருக்கீங்களா?"

"நான் எங்க தின்ன? சமயக்கட்டுக்குள்ள பழம் போறதப் பாத்திருக்கறேன், துரை ரூமுக்குள்ள தட்டு போறதப் பாத்திருக்கறேன். நடுவால நடந்தது எல்லாம் மோப்பத்துல தெரிஞ்சதுதான்."

ஆக, தின்றதாகச் சொன்னவர் ஒருவர், மோந்தவள் ஒருத்தி, படத்தில் பார்த்தவர் ஒருவர். இந்த மூன்று பேருடைய அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு கமலாத்தாள் வீடு திரும்பினாள்.

கருப்புசாமி வாக்குத் தவறாதவர். கோயமுத்தூருக்குப் போய், எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ, மரத்தூள் போட்ட பெட்டியில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு, மாட்டுப்பொங்கலன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் நசுங்கி, மாட்டுவண்டியில் குலுங்கி வந்தவர், பெட்டியை மாட்டுப் பட்டி வாசலில் வாழைத்தாருக்கும் கரும்புக்கும் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வீட்டுக்குள் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் பட்டிப் பொங்கலுக்குக் கூடியிருந்த ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் ஆப்பிள் வாங்கி என்ன பிரயோசனம்?

கமலாத்தாள் பொங்கல் பானையுடன் பட்டிக்குப் போனபோது, காரிக்காளை வாயில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பக்கத்தில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே மரத்தூள் மட்டும்.

"குப்பண்ணா! காரி வாயில அதென்னது?"

"பழமுங்க அம்மிணி. பண்ணாடி கொண்டாந்தது. பொங்கச்சோத்துல மசிக்கலாமுன்னு பாத்தேன், கல்லாட்ட இருக்குது, மசியல. அதுதான் முழுசாவே குடுத்துப் போட்டனுங்க."

"அட என்ற சாமி! அத எடுக்கச் சொல்லி ஆரு சொன்னது?"

"சொல்லோணுங்களா?" குப்பண்ணனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நோம்பியன்னிக்குப் பழத்தக் கொண்டாந்து பட்டியில எறக்குனா அது ஆருக்குங்க? மாட்டுக்குத்தானுங்களே. எல்லா மாட்டுக்கும் பங்கு வெச்சுத்தான் குடுத்தேன். செவலைக்கு ஒண்ணு கொறஞ்சுபோச்சு. அதுக்கு ரெண்டு வாழப்பழம் சேத்திப் போட்டனுங்க."

அதை மறுத்துப் பேச அந்த வட்டாரத்தில் ஒரு நாக்கும் கிடையாது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஓடி வந்த கருப்புசாமிகூட வாயைத் திறந்து, ஊர்க்காரர்களைப் பார்த்து, மூடி, "நம்ம பட்டிக்கு எப்பவும் கோயமுத்தூர்ப் பழந்தானுங்க" என்றார். ஊர் அசந்துபோயிற்று.

கமலாத்தாள் காரிக்காளையின் தாடையைப் பிடித்து அழுத்தி, பாதிப் பழத்தை மீட்டாள். காளை கடிக்காத பக்கத்தை மோந்தாள். நுனிப்பல்லால் துளி கடித்தாள். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, மிச்சமெல்லாம் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மென்றாள்.

"இத எங்கியோ தின்னிருக்கறேன் குப்பண்ணா. நம்ம பிஞ்சுச் சுரைக்காய் இங்கிலீசு படிச்சாப்பல இருக்குது."

பாதியைக் காளையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாட்டுக்குப் போனதைப் பறித்துக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

சுரைக்கொடி கடைமடைக் காட்டில், தென்னம்பிள்ளைகளுக்கு நடுவே வேலியோரம் படர்ந்திருந்தது. விடிந்ததும் பிஞ்சுகளைப் பறித்து வந்தாள். தோல் சீவி, துண்டு போட்டு, சர்க்கரையோடு எலுமிச்சம்பழம் தாராளமாகப் பிழிந்து, பச்சை வாசம் போக வதக்கி, பட்டைப் பொடி தூவி, இரண்டு கிராம்பும் நசுக்கிப் போட்டாள். முதல் தட்டு, செபமாலையம்மாள் சொன்ன இரண்டு வாசத்தில் இரண்டாவது வாசம் வந்த பிறகுதான் வெளியே வந்தது. அதை யாருக்கும் சொல்லாமல் எருக்குழியில் புதைத்தாள். இரண்டாவது தட்டு பொன்னாக வந்தது.

"நீங்க வாயே தொறக்கப்படாது" என்று கருப்புசாமியிடம் சொல்லிவைத்தாள். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதும் ஒரு பதில்தான் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

சூசையப்பன் வந்தார். ஒரு துண்டு எடுத்தார். மென்றார். தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். கதவிடுக்கில் கமலாத்தாள் காதை வைத்தாள்.

"இதே வாசம்! தேம்ஸ் ஆத்தங்கரையில நான் தின்ன அதே வாசம்! இந்த நாரப் பாருங்க கருப்புசாமி. அசல் ஆப்பிளுக்குத்தான் இந்த நார் இருக்கும். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இது எந்த ஊர்ச் சரக்கு?"

கருப்புசாமி கைகூப்பினார். "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன பொருத்தமில்லாத பதில்களை எல்லாம் கமலாத்தாள் அந்த ஒரு நிமிஷத்தில் மன்னித்தாள்.

மடை திறந்துவிடும் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். திறந்தது ஓவர்சியரின் பசிதான். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு குமாஸ்தாவோடு வந்தார். கடைமடைப் பரிசீலனை மும்முரமாக நடந்தது: தட்டு காலியானதும் முடியும், தட்டு நிறையும் வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். "மேலிடத்துக்கு எழுதணும்" என்று ஒரு வாரம், "மேலிடம் யோசிக்கிறாங்க" என்று ஒரு வாரம். இதற்குள் ஓவர்சியருக்கே பிடித்த பண்டம் என்று ஊரில் பேர் பரவி, வாய்க்கால் கரையில் பூமி உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்து கமலாத்தாளிடம் செய்முறை கேட்டார்கள். அவள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக் கொடுத்தாள். சுரைக்காயைப் பிஞ்சாகப் பறிக்க வேண்டும் என்பதுவரை. பெருமாட்டியில் பெண்களுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. ஆண்களெல்லாம் ஆப்பிளைப் புகழ்ந்து தின்றார்கள். அவர்களில் ஒருவர், வீட்டில் இரவு சுரைக்காய்ப் பொரியல் வைத்ததற்காகச் சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆப்பிள் பண்டம் இருக்கிறதா என்று கேட்டாராம்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டியது. தூரத்திலிருந்து பார்த்தாலே தென்னம்பிள்ளைகளின் அடிமட்டை பழுத்துத் தொங்குவது தெரிந்தது. சிலவற்றில் குருத்தே சாய்ந்துவிட்டது.

குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கமலாத்தாள் வரப்பில் உட்கார்ந்தாள். "வாரம் தவறாம ஆக்கிப் போடறேன் குப்பண்ணா. இன்னும் அந்தாளுக்கு எரக்கம் வரலையே."

"வராதுங்க அம்மிணி" என்றான் குப்பண்ணன். "தொறந்துட்டா அவருக்கு இங்க என்ன சோலிங்க? கறக்கற மாட்ட ஆராச்சும் சந்தைக்கு ஓட்டுவாங்களா?"

கமலாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுரைக்கொடியைப் பார்த்தாள். அதுவும் வாடித்தான் கிடந்தது.

அந்த வாரம் சூசையப்பன் பெரிய ஆட்களோடு வந்தார். குமாஸ்தாவுக்கு மேலே, எரணாகுளத்திலிருந்து முகாம் வந்திருந்த ஒரு மேலதிகாரி. போன மாதம் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பிய ஆப்பிள் பண்டத்தைத் தின்றுவிட்டு, 'சீமையில் படித்த காலம் ஞாபகம் வருகிறது' என்று சொல்லியனுப்பியவர். அவரும் எதுவரைக்கும் கப்பலேறினார் என்பது தெரியாது.

கமலாத்தாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள்.

மோரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். சூசையப்பன் கனைத்தார். "அம்மா, அந்த ஆப்பிள்..."

"காய்ப்பு நின்னுபோச்சுங்க" என்றாள் கமலாத்தாள்.

"காய்ப்பா?"

"ஆமாங்க. தண்ணியில்லாம வாடிப்போச்சுங்க. நம்ம கடைமடைக் காட்டுலதானுங்க காய்க்குது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

ஆப்பிள் தங்கள் ஆளுகைக்குள்ளேயே காய்க்கிறது என்றதும் மூவரும் எழுந்தார்கள். கருப்புசாமி குடை பிடித்தார். வாய்க்கால் கரையோடு நடந்து, காய்ந்த தென்னம்பிள்ளைகளைக் கடந்து, வேலியோரம் வந்தார்கள். கமலாத்தாள் கையை நீட்டிக் காட்டினாள். கொடியில் ஒரே ஒரு பிஞ்சு, கழுத்து ஒடுங்கி, வயிறு பருத்து, பிறந்த நாளிலிருந்து சுரைக்காயாகவே இருந்த முகத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

குமாஸ்தா அதைப் பார்த்தார். மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி சூசையப்பனைப் பார்த்தார். சூசையப்பன் வாய்க்காலைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்குத் தண்ணீர்கூட இல்லை.

ஒருவர் வாயைத் திறந்து அதன் பேரைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னவர், தைப் பொங்கலிலிருந்து தேம்ஸ் நதிக்கரை வாசமென்று சுரைக்காயைத் தின்றவராகிவிடுவார். யாருக்கும் அவசரமில்லை.

"ஏம் புள்ள, இது சொர..." என்று ஆரம்பித்த கருப்புசாமியின் கால்விரலைக் கமலாத்தாளின் குதிகால் தேடிக் கண்டுபிடித்தது. "ஐயோ, சாமி!" என்று முடித்தார்.

"சாமி புண்ணியத்துலதானுங்க இது இத்தன நாள் காச்சுது" என்றாள் கமலாத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த ஒண்ணும் போச்சுன்னா அடுத்த வாரத்துக்கு ஏதுங்க? ஏனுங்க ஐயா, சீமையில ஆப்பிளு இப்படித்தானுங்களே காய்க்கும்?"

சூசையப்பன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டபோது லண்டன் அவருக்குத் திரும்பி வந்திருந்தது.

"ஆப்பிள்ல கொடி ஜாதின்னு ஒண்ணு உண்டு" என்றார், மேலதிகாரியைப் பார்க்காமல். "அங்கெல்லாம் பந்தல் போட்டு வளப்பான்."

"உண்டு, உண்டு" என்றார் மேலதிகாரி, பாதி மலையாளத்தில். "நானும் வாசிச்சிட்டுண்டு. அபூர்வமான ஜாதி. இத வாட விடக் கூடாது. ஏன் இதுவரைக்கும் வெள்ளம்... தண்ணி விடல?"

"பரிசீலனையில..."

"என்ன பரிசீலனை? கண்ணால கண்டாச்சே!"

குமாஸ்தா மட்டும் சுரைக்காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் வீட்டுக் கூரையிலும் ஒரு ஆப்பிள் கொடி படர்ந்திருந்தது.

சாவி இடுப்பிலிருந்து வெளியே வந்தது. துருப்பிடித்த பூட்டு முரண்டு பிடித்தது. குப்பண்ணன் கல்லால் ஒரு தட்டு தட்டினான். அடுத்த நாள் மத்தியானம், ஊர் ஊராக உபசாரம் வாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் குப்பையும் நுரையுமாகக் கடைமடைக்குள் தலையை நீட்டியது. பார்க்க ஊரே வந்திருந்தது. சூசையப்பனும் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார்.

கமலாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள். ஒரு தென்னம்பிள்ளைக்கு வெட்டிவிட்டாள், நிறைந்ததும் அடைத்தாள், அடுத்ததற்கு வெட்டினாள். வரிசை முழுக்கப் போய் அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். வேலியோரம் அவள் போகவே இல்லை.

சூசையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஆப்பிளுக்குத் தண்ணி?"

"அதுக்கெதுக்குங்க இத்தனை தண்ணி? பக்கத்துல ஈரம் இருந்தாவே போதுமுங்க" என்றாள் கமலாத்தாள், நிமிராமல். "சீமையில எப்படிங்க?"

கரையில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சூசையப்பன் சைக்கிளை எடுத்தார்.

"சீமையிலயும் அப்படித்தான்" என்றார்.